கரி ஒன்று, கணக்கு மூன்று

சில மாதங்களுக்கு முன்னர், மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் வாழும் வன்னிக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் நாமும் கலந்துகொண்டோம். கிணற்று நீரைச் சுத்திகரிக்கும் புதிய கருவியொன்றை அறிமுகம் செய்வதற்காகக் கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கருவியினுள்ளே 'நனோ காபன்' இருப்பதாகவும், சாதாரண கரியைவிட அது பலமடங்கு திறமானது என்றும் அவர் விளக்கினார். கலங்கிய நீர் ஒரு பக்கத்தால் ஊற்றப்பட்டு மறுபக்கத்தால் தெளிந்து வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி எழும்பினார். "தம்பி, இந்தக் கரி எத்தினை நாளைக்கு நிக்கும்? பழசாப் போனா எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது? அது கழண்டு தண்ணிக்குள்ளை வந்தா எங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அந்த இளைஞர் நல்ல பிள்ளை. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டவில்லை. "கம்பனியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் அம்மா" என்றார். மறுமொழி இன்றுவரை வந்து சேரவில்லை.

ஆச்சி கேட்டவை பாமரக் கேள்விகள் அல்ல. காபன் நனோப் பொருட்களைப் பற்றி உலகின் ஆய்வுகூடங்களில் இன்று கேட்கப்படும் கேள்விகளும் இவைதான். பொருளின் திறன் எவ்வளவு, அதன் முழுச் செலவு எவ்வளவு, அது மனிதருக்கும் மண்ணுக்கும் நீருக்கும் பாதுகாப்பானதா என்ற மூன்று கணக்குகளையும் ஒருங்கே பார்க்க வேண்டும் என்பதே அறிஞர்களும் இப்போது சொல்வது. இம்மூன்றில் மூன்றாவது கணக்கு எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுவதையும், அதன் பாக்கியை ஏழைகளே கட்டிவருவதையும் இக்கட்டுரையில் எடுத்துக்கூற விரும்புகிறோம்.

கரியின் குடும்பம்

அடுப்புக்கரியும், விளக்குச் சிம்னியில் படியும் புகைக்கரியும், பென்சிலுக்குள் இருக்கும் காரீயமும், வைரமும் காபன் என்ற ஒரே மூலகத்தால் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைதான் வேறு. ஒரே ஓலையைக் கிடுகாகவும் பின்னலாம், கடகமாகவும் இழைக்கலாம், அதுபோலத்தான் இதுவும்.

1985 இல் குறோட்டோ, சிமோலி, கேள் ஆகிய விஞ்ஞானிகளும் அவர்களது மாணவர்களும் 60 காபன் அணுக்கள் உதைபந்தின் வடிவில் இணைந்த புதிய உருவொன்றைக் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 1996 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1991 இல் யப்பானிய விஞ்ஞானி சுமியோ இயிமா, நுண்ணிய குழாய் வடிவிலான காபனை விவரித்தார். 2004 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கெயிமும் நோவோசெலோவும், ஒட்டும் நாடாவால் காரீயத்தை மீண்டும் மீண்டும் உரித்து, ஓர் அணுத் தடிப்பே கொண்ட தாளைப் பிரித்தெடுத்தனர். கிராபீன் எனப்படும் அத்தாளுக்காக 2010 இல் அவர்கள் பௌதிகவியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இவற்றின் அளவு நனோமீற்றரில் சொல்லப்படுகிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர் ஆகும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால் இவற்றின் நுண்மையை ஊகித்துக்கொள்ளலாம்.

இவை முற்றிலும் புதியவை என்று எண்ணிவிடவும் கூடாது. கீழடி அகழ்வில் கிடைத்த பழைய மட்பாண்டங்களின் கரிய பூச்சில் காபன் நனோக் குழாய்கள் இருப்பதாக, வேலூர் ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்டனர். அந்தக் குயவருக்கு நனோ என்ற சொல் தெரியாது. சூளையில் தீ தன்பாட்டில் செய்த வேலை அது. ரயரைக் கறுப்பாக்கி உறுதியாக்கும் கரித்தூளும் மிக நுண்ணிய காபன் துணிக்கைகளால் ஆனதே. இன்றைய நிலைமையில் புதியது, இவற்றை வேண்டிய வடிவில், பெருந்தொகையாக, வேண்டுமென்றே உற்பத்தி செய்யும் ஆற்றல்தான்.

இலங்கைக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. கேகாலை மாவட்டத்தின் போகலை, குருணாகல் மாவட்டத்தின் ககட்டகக ஆகிய சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் காரீயம் உலகிலேயே மிகத் தூய்மையான வகையைச் சேர்ந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உருக்கு உலைகளின் மூசைகளுக்காக இது பெருந்தொகையாகக் கப்பலேறியது. 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம், இதே காரீயத்திலிருந்து கிராபீன் ஆக்கும் முறைகளில் ஈடுபட்டது. ஆகவே இது தூரதேசத்துச் செய்தி அல்ல. நாளை எமது சந்தைக்கும், தோட்டத்துக்கும், கிணற்றுக்கும் வரக்கூடிய பொருளைப் பற்றியே பேசுகிறோம்.

முதலாவது கணக்கு: திறன்

காபன் நனோக் குழாய் உருக்கைவிடப் பன்மடங்கு உறுதியானது. எடையோ மிகக் குறைவு. மின்னை நன்றாகக் கடத்தும். தொலைபேசி, மோட்டார் வாகனம் போன்றவற்றின் லித்தியம் பற்றரிகளில் சிறிதளவு சேர்த்தாலே பற்றரியின் ஆற்றல் கூடுகிறது. பிளாஸ்ரிக்கில் கலந்தால் அது உறுதி பெறுகிறது. இவை வெறும் விளம்பரம் அல்ல, மெய்யான நன்மைகள். சூரிய ஒளியில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு நீடித்துழைக்கும் மலிவான பற்றரி கிடைக்குமானால், மண்ணெண்ணெய் விலையோடு மல்லுக்கட்டும் எமது கமக்காரருக்கு அது பேருதவியாகும்.

ஆனால் திறன் என்பது எந்த வேலைக்கு என்ற கேள்வியோடு சேர்த்தே அளக்கப்பட வேண்டும். நீரிலுள்ள அழுக்கைக் கரி பிடித்துக்கொள்வது அதன் மேற்பரப்பினால் ஆகும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியில் உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தும்போது, ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் மேற்பரப்பு உண்டாகிறது. அதாவது ஒரு கைப்பிடிக் கரிக்குள் பல ஏக்கர் காணி மடிந்து கிடக்கிறது. சந்தையில் கிடைக்கும் பலசுவர் நனோக் குழாய்களின் மேற்பரப்பு பொதுவாக இதைவிடக் குறைவு. சிரட்டையிலிருந்து இந்தப் பதப்படுத்திய கரியைச் செய்து உலகுக்கு அனுப்பும் நாடுகளுள் இலங்கை முன்னணியில் நிற்கிறது. நிறம், மணம், எண்ணெய்த் தன்மை, சில கிருமிநாசினி மருந்துகள் ஆகியவற்றை நீரிலிருந்து நீக்குவதற்கு அது போதும். போதுமான பொருள் கையிலிருக்கும்போது, அதைவிடச் சிறந்தது என்ற பெயரில் அறியாத பொருளை ஏன் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டும்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளின் பெரிய பிரச்சினைகளுள் ஒன்று நைத்திரேற்று ஆகும். அது யூரியாவிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் மண்ணூடாக இறங்குவது. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளுக்கு இது சிறப்பாக ஆபத்தானது. சாதாரண கரி இதை நீக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். பசளையை அளவோடும் காலத்தோடும் இடுவதும், மலக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைப்பதும்தான் அடிப்படைப் பரிகாரம். எந்தக் கருவியைக் கொண்டுவருபவரிடமும், அது நைத்திரேற்றை நீக்குமா, எமது கிணற்றுத் தண்ணீரில் சோதித்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆய்வுகூடத்துச் சுத்த நீரில் காட்டிய திறன், சுண்ணாம்பு படியும் எமது நீரில் அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது கணக்கு: செலவு

தொடக்க காலத்தில் நனோக் குழாய் ஒரு கிராம், தங்கத்தைவிட விலை கூடியதாக இருந்தது. இப்போது சில வகைகள் கிலோக் கணக்கில் விற்கப்படுகின்றன. ஆயினும் விலை இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 2010 இல் ஆண்டுக்கு 200 தொன் குழாய்கள் செய்யக்கூடிய ஆலையைத் திறந்தது. 2013 இல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. எதிர்பார்த்த சந்தை அவ்வளவு வேகமாக உருவாகவில்லை. பொருள் திறமானதாக இருப்பதால் மட்டும் அது பயன்பாட்டுக்கு வந்துவிடாது என்பதற்கு இது உதாரணம்.

கடைவிலையில் எழுதப்படாத செலவு வேறு உண்டு. நனோக் குழாய்கள் பெரும்பாலும் மெதேன் போன்ற வாயுக்களை 700 முதல் 1,000 பாகை வரையான வெப்பத்தில், இரும்பு, நிக்கல், கோபாற்று ஆகிய உலோகத் துணிக்கைகளின் மேல் செலுத்தியே வளர்க்கப்படுகின்றன. அதற்கு எரிசக்தி வேண்டும். ஒட்டியிருக்கும் உலோகத்தை அகற்றக் கடும் அமிலம் வேண்டும். காரீயத்திலிருந்து கிராபீன் ஒட்சைட்டு எடுக்கும் முறை 1958 இல் வெளியிடப்பட்டது. இன்றும் அதன் திருத்திய வடிவங்களே பெரிதும் கையாளப்படுகின்றன. அதிலே செறிந்த சல்பூரிக் அமிலமும், பொற்றாசியம் பரமங்கனேற்றும் பாவிக்கப்படுகின்றன. பிறகு அமிலம் போகும்வரை நீர்விட்டு நீர்விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழுவு நீர் எங்கே போகிறது என்பதில்தான் இரண்டாவது கணக்கு மூன்றாவதோடு முட்டுகிறது.

இந்நாட்டு மக்களுக்கு இது பழகிய கதை. 2013 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, கம்பகா மாவட்டத்து வெலிவேரியவில், தொழிற்சாலைக் கழிவால் தங்கள் கிணறுகள் அமிலமாகிவிட்டன என்று குற்றஞ்சாட்டிச் சுத்தமான நீர் கேட்டு வீதிக்கு இறங்கிய மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். சுன்னாகத்தில் மின்நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற அடிப்படையில் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டிலும் நனோப் பொருள் எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனால் மலிவாகச் செய்யப்பட்ட பொருளின் மிச்சச் செலவு யாருடைய கிணற்றில் போய்ச் சேருகிறது என்பதை இவை காட்டுகின்றன. காரீயத்தை மண்ணாக விற்காமல் கிராபீனாக விற்றால் நாட்டுக்கு வருமானம் பெருகும் என்பதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த வருமானத்திலிருந்து கழுவு நீரைச் சுத்திகரிக்கும் செலவு முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

மூன்றாவது கணக்கு: பாதுகாப்பு

இங்கே எமது தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாயுள்ளோம். போர் முடிந்து குடும்பங்கள் முகாம்களிலிருந்து திரும்பிய காலத்தில், மழைக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், அஸ்பெஸ்ரஸ் தகடுகளை நாமும் பங்கிட்டோம். கைவாளால் அறுத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று அளவு சொன்னோம். வெள்ளைத் தூள் எல்லோருடைய தலையிலும் படிந்தது. உடைந்த துண்டுகளைக் குசினிச் சுவருக்கும் கோழிக்கூட்டுக்கும் வைத்தபோது, வீண்போகாமல் பாவிக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். அன்று கேள்வி கேட்ட ஆச்சியும் அந்தத் தகட்டின் கீழேதான் வாழ்கிறார்.

அஸ்பெஸ்ரஸ் மலிவானது, உறுதியானது, தீப்பிடிக்காதது. திறன், செலவு என்ற முதலிரண்டு கணக்குகளிலும் அதற்கு முழுப் புள்ளி கிடைத்தது. அதன் நுண்ணிய கூரிய நார்கள் தொழிலாளரைப் பாதிப்பதாகப் பிரித்தானியப் பெண் தொழிற்சாலைப் பரிசோதகர் லூசி டீன் 1898 இலேயே அறிக்கையிட்டார். பிரித்தானியா அதை முற்றாகத் தடைசெய்தது 1999 இல். எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையில் நூறு ஆண்டுகள் கழிந்தன. நார் சுவாசப்பையில் புகுந்து புற்றுநோயாக வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் செல்வதால், இன்றும் தொழிலிடத்து அஸ்பெஸ்ரஸினால் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கை அரசு 2018 முதல் அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு அஸ்பெஸ்ரஸ் அனுப்பும் முக்கிய நாடும் ரஷ்யாவே. சில நாட்களில் அரசு தன் தீர்மானத்தைக் கைவிட்டது. தேயிலையும் மீண்டும் கப்பலேறியது. பாதுகாப்புக் கணக்கு வியாபாரக் கணக்கிடம் தோற்ற விதம் அது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? 2008 இல் எடின்பரோ விஞ்ஞானி கென் டொனால்ட்சனும் அவரது குழுவினரும், நீண்ட, விறைப்பான நனோக் குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்திப் பார்த்தபோது, நீண்ட அஸ்பெஸ்ரஸ் நார்களைப் போலவே அவை அழற்சியை உண்டாக்கின. உடலில் அந்நியப் பொருளை விழுங்கி அகற்றும் கலங்களால், தம்மைவிட நீண்ட நாரை விழுங்க முடிவதில்லை. 2013 இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவகம், வேலைத்தலத்துக் காற்றின் ஒரு கன மீற்றரில், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இவை இருக்கக் கூடாதென்று பரிந்துரைத்தது. 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர்க் குழாயை, மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஏனைய வகைகளுக்குத் தீர்ப்புக் கூறப் போதிய சான்று இல்லை என்றது.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். எல்லா நனோக் காபனும் ஒன்றல்ல. நீண்டு விறைத்த குழாய்கள் வேறு. குறுகிச் சுருண்டு கிடப்பவை வேறு. தகட்டு வடிவிலான கிராபீன் வேறு. அச்சமும் சில வேளைகளில் பிழைக்கும். 2004 இல், உதைபந்து வடிவக் காபன் மீன்களின் மூளையைப் பாதித்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. 2007 இல் வேறோர் ஆய்வு, அவ்வாறான பாதிப்புக்குக் காபனைவிட அதைக் கரைக்கப் பயன்படுத்திய கரைப்பானின் மிச்சமே காரணமாகலாம் எனக் காட்டியது. ஆகவே பொருளை மட்டுமன்றி, அது செய்யப்பட்ட முறையையும், அதில் ஒட்டியிருப்பதையும் சோதிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதையும் நாம் ஏற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதையும் ஏற்கவில்லை.

கமக்காரருக்கு நேரடியாக உரியது ஒன்று. 2009 இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் ஆய்வாளர்கள், நனோக் குழாய்கள் சேர்க்கப்பட்ட ஊடகத்தில் தக்காளி விதைகள் விரைவாக முளைத்ததாகக் கண்டனர். குழாய்கள் விதையின் தோலை ஊடுருவியதால் நீர் எளிதாக உள்ளே சென்றதாம். சில ஆண்டுகளில் அதே குழுவினர் அக்குழாய்களை அச்செடியின் இலைகளிலும் பழங்களிலும் கண்டறிந்தனர். முளைதிறன் கூடியது முதலாவது கணக்கு. பழத்துக்குள் அது வந்தது மூன்றாவது கணக்கு. ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விடும் விற்பனையாளர் நாளை வரக்கூடும். அவரிடம் மற்றதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வேறு வழியில்லாதவரின் கையில்

2021 இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, அவ்வருடம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. அது காபன் சார்ந்த பொருளல்ல. ஆயினும் 'நனோ' என்ற சொல்லை எமது கமக்காரர் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்தப் போத்தல்களோடுதான். எப்படித் தெளிப்பது, எமது மண்ணில் எவ்வளவு பலன் தரும் என்று அமைதியாகச் சோதித்துப் பார்க்கும் காலம் யாருக்கும் தரப்படவில்லை. பயிர் வயலில் மஞ்சளாகி நின்றது. நவம்பரில் பசளைத் தடை நீக்கப்பட்டது. அந்தப் போகத்தின் நட்டம் கமக்காரரிடமே தங்கிவிட்டது.

இடம்பெயர்ந்த மக்களுக்கு இது இன்னும் கடினம். கொடுப்பதை வாங்கிப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாங்கள் என்று ஒரு தகப்பன் எம்மிடம் சொன்னார். தறப்பாள் தந்தால் தறப்பாள், தகரம் தந்தால் தகரம், அஸ்பெஸ்ரஸ் தந்தால் அஸ்பெஸ்ரஸ். கையேந்தும் நிலையில் நிற்பவர், தரப்படும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நன்றியில்லாதவர் என்று பெயர் வரும். ஆகவேதான் மூன்றாவது கணக்கு கேட்கப்படாமலே போகிறது. கொடுக்கும் நிலையிலுள்ள எம்மைப் போன்ற நிறுவனங்கள் இதில் முதற் குற்றவாளிகள். பரிசோதனைக்குரிய பொருட்களை ஏழைகளின் வீட்டில் முதலில் வைத்துப் பார்ப்பது உதவியாகாது.

எமது நிலைப்பாடு

நனோக் காபன் பற்றரியினுள்ளேயோ உறுதியான பொருளொன்றினுள்ளேயோ கட்டுண்டு கிடக்கும்போது, பாவிப்பவருக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து செய்யுமிடத்திலும் அழிக்குமிடத்திலும் உள்ளது: தூளைக் கையாளும் தொழிலாளிக்கும், பழையதை உடைத்து எரித்துச் செம்பு எடுக்கும் பிள்ளைக்கும். ஆகவே பற்றரிக்கு நாம் ஆம் என்கிறோம். பழைய பற்றரியைத் திரும்ப எடுப்பதற்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குடிநீருக்குள்ளும், விதைக்குள்ளும், திறந்த மண்ணிலும் இடுவதற்கு, போதிய சோதனை முடியும்வரை வேண்டாம் என்கிறோம். அங்கே சிரட்டைக்கரியும், உமிக்கரியும், கூட்டெருவும் செய்யக்கூடியவற்றை முதலில் முழுமையாகச் செய்து பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல், நனோ வடிவிலான இரசாயனங்களுக்குத் தனியான விபரங்களைப் பதிவு செய்யுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. அங்குள்ள பாவனையாளருக்குத் தேவையான பாதுகாப்பு இங்குள்ளவருக்கும் தேவை.

உங்கள் கிராமத்துக்குப் புதிய பொருளொன்று வரும்போது, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் கீழ்வருவனவற்றைக் கேட்டு, விடைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. உள்ளே என்ன இருக்கிறது? தமிழில் எழுதித் தருவீர்களா?
2. எமது நீரில், எமது மண்ணில் சோதித்தீர்களா? யார் சோதித்தார்கள்?
3. எத்தனை மாதம் உழைக்கும்? மாற்றுவதற்கு ஒவ்வொரு தடவையும் என்ன செலவு? நீங்கள் போன பிறகு அதை யார் தருவார்?
4. பழையதை யார் திரும்ப எடுப்பார்?
5. தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

இந்த ஐந்துக்கும் விடையில்லாவிட்டால், பொருளைத் திருப்பி அனுப்புவது நன்றிகெட்ட செயலாகாது.

வீட்டில் மணலும் கரியும் இட்டு நீர் வடிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அடுப்புக்கரி, ஆலையில் பதப்படுத்திய கரியின் திறன் உடையதல்ல. நிறத்தையும் மணத்தையும் அது ஓரளவு குறைக்கும். கிருமிகளை நம்பத்தக்க அளவில் கொல்லாது. வடித்த நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கரியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

அஸ்பெஸ்ரஸ் கூரையுள்ளவர்கள் அஞ்சி அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். உடையாமல் இருக்கும் தகடு, உடைத்த தகட்டைவிட ஆபத்துக் குறைந்தது. பாசியை உலர்ந்த தூரிகையால் சுரண்டாதீர்கள். வாளால் அறுக்காதீர்கள், துளையிட வேண்டி வந்தால் நீர் தெளித்து நன்கு நனைத்து, மூக்கையும் வாயையும் முறையான முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடைந்த துண்டுகளை நனைத்துத் தடித்த பொலித்தீனில் கட்டி, பிரதேச சபையிடம் அவற்றைப் பொறுப்பேற்கும் ஒழுங்கைச் செய்யுமாறு சங்கத்தினூடாக எழுத்தில் கேளுங்கள்.

அந்த இளைஞரின் கம்பனிக்கு ஆச்சியின் மூன்று கேள்விகளையும் எழுதி, சங்கத்தின் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்ட கடிதமொன்று இப்போது அனுப்பப்பட்டுள்ளது. அதன் பிரதியொன்று எம்மிடமும் உண்டு. மறுமொழி கிடைத்ததும் அதை அதே மண்டபத்தில், ஆச்சியின் முன்னிலையில் வாசிப்பதாக உறுதியளித்திருக்கிறோம். அதுவரை கருவி மண்டபத்து அலுமாரியில் பூட்டிக் கிடக்கும்.